குமிழி ஊதும் முனைவர்

ஆட்டிசத்தைக் கண்டறிய ரத்தப் பரிசோதனை கிடையாது. ஸ்கேனும் கிடையாது. மரபணுச் சோதனை இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். இருக்கிறது, ஆனால் அது பதில் சொல்வது வேறொரு கேள்விக்கு. பிராஜைல் எக்ஸ் என்ற நிலையை எடுத்துக்கொள்வோம். எக்ஸ் குரோமோசோமில் உள்ள எஃப்எம்ஆர்1 மரபணுவில் சி, ஜி, ஜி என்ற மூன்று எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும். அந்தத் தொடர் 200 முறையைத் தாண்டிவிட்டால் மரபணு வேலைசெய்வதை நிறுத்திவிடும். 1991-இல் இதைக் கண்டுபிடித்தார்கள். இன்று ரத்தத்தைச் சோதித்து உறுதியாகச் சொல்லிவிடலாம். ஆனால் பிராஜைல் எக்ஸ் உள்ள சிறுவனுக்கு ஆட்டிசமும் இருக்கிறதா என்பதை அந்த ஆய்வுக்கூடத் தாள் சொல்லாது. சிலருக்கு இருக்கும், சிலருக்கு இருக்காது. அதைச் சொல்ல வேண்டுமென்றால், விஷயம் தெரிந்த ஒருவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அவனோடு விளையாடிப் பார்த்தாக வேண்டும். மருத்துவத்தின் மற்ற துறைகளில் கருவியை விலைகொடுத்து வாங்கிவிடலாம். இங்கே கருவி ஒரு மனிதர்.

அமெரிக்காவில் அந்த மனிதர் தயாராவதற்குப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. கல்லூரியில் நான்கு ஆண்டு. உளவியலில் முனைவர் பட்டத்துக்கு ஐந்தாறு ஆண்டு. அதில் ஓராண்டு முழுக்க மருத்துவமனையிலோ சமூக மையத்திலோ இன்டர்ன்ஷிப். இவ்வளவும் முடிந்தால் பெயருக்கு முன்னால் டாக்டர் வந்துவிடும், தொழில் உரிமம் வந்துவிடாது. பல மாநிலங்களில் அதற்கு மேலும் ஓராண்டு, ஈராண்டு மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில் வேலை பார்க்க வேண்டும். கலிபோர்னியாவில் மொத்தம் 3000 மணி நேரம் கணக்குக் காட்ட வேண்டும். அதில் 1500 மணி நேரமாவது பட்டத்துக்குப் பிறகு பார்த்ததாக இருக்க வேண்டும். போஸ்ட்டாக் என்று அழைக்கப்படும் காலம் இதுதான். இயற்பியலில் போஸ்ட்டாக் என்றால் ஆய்வுக்கட்டுரை எழுதித் தள்ளும் காலம். குழந்தை உளவியலில், அதிலும் ஆட்டிசத்தையும் நரம்பு வளர்ச்சிக் குறைபாடுகளையும் தேர்ந்தெடுப்பவர்களுக்கு, இது பார்க்கப் பழகும் காலம். படித்தவர்களுக்குப் பார்க்கத் தெரியாதா என்ன?

தெரியாது என்பதற்கு பெர்னார்ட் ரிம்லண்டே சாட்சி. 1953-இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் உளவியல் முனைவர் பட்டம் வாங்கியவர். கலிபோர்னியாவில் கடற்படையில் உளவியலாளராக வேலை. 1956-இல் மகன் மார்க் பிறந்தான். ஓயாமல் அழுதான். பேச ஆரம்பித்தபோது கேட்டதையே திருப்பிச் சொன்னான். யாரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. குழந்தை மருத்துவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. முனைவர் பட்டம் வாங்கிய தகப்பனுக்கும் பிடிபடவில்லை. துப்புக் கொடுத்தவர் மனைவி குளோரியா. இப்படியொரு குழந்தையைப் பற்றிக் கல்லூரிப் பாடப்புத்தகத்தில் எப்போதோ படித்த ஞாபகம் அவருக்கு வர, பழைய புத்தகங்களைத் தேடி எடுத்துப் பார்த்தார்கள். பட்டம் வாங்கி ஐந்து ஆண்டுகள் ஆன பிறகே ஆட்டிசம் என்ற சொல்லை முதன்முதலில் பார்த்ததாக ரிம்லண்ட் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அதன் பிறகு அவர் நூலகங்களைச் சலித்துப் படித்து 1964-இல் எழுதிய புத்தகம், தாயிடம் பாசம் இல்லாததால்தான் குழந்தை இப்படி ஆகிறது என்ற அன்றைய கோட்பாட்டின் அடித்தளத்தை ஆட்டிவிட்டது.

அந்தக் கோட்பாட்டை ஊர் உலகத்துக்கெல்லாம் கொண்டு சேர்த்தவர் சிகாகோவின் புரூனோ பெட்டல்ஹைம். வியன்னாவில் அவர் முனைவர் பட்டத்துக்கு எழுதிய ஆய்வேடு அழகியல் பற்றியது. எழுத்து வன்மையும் மேடைத் தன்னம்பிக்கையும் இருந்தன. தான் பார்ப்பது சரிதானா என்று இன்னொருவரின் கண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் இல்லை. ஒரு தலைமுறைத் தாய்மார்கள் அதற்கு விலை கொடுத்தார்கள். அதே சிகாகோவில் படித்து, அவரோடு முரண்பட்ட எரிக் ஷோப்லர், நார்த் கரோலினாவுக்குப் போய்ப் பெற்றோரையே சிகிச்சையில் பங்காளிகளாக்கிக் காட்டினார். 1972-இல் அது 'டீச்' என்ற மாநிலம் தழுவிய திட்டமானது. இன்றும் புதிய முனைவர்கள் அங்கே பயிற்சிக்குப் போகிறார்கள்.

அந்தப் பயிற்சி நடக்கும் அறைக்குள் போகலாம். தாழ்வான மேஜை, சின்ன நாற்காலிகள், ஓரமாகத் தாயோ தந்தையோ. சுவரில் ஒரு கண்ணாடி. மறுபக்கம் இருந்து மேற்பார்வையாளர் பார்த்துக்கொண்டிருப்பார். மேஜைக்குக் கீழே ஒரு பெட்டி நிறையப் பொம்மை, பலூன், குமிழிக் குப்பி. இந்தப் பெட்டியோடு வரும் மதிப்பீட்டு முறைக்கு 'ஏடாஸ்' என்று பெயர். கேத்தரின் லார்ட், மைக்கேல் ரட்டர் முதலியோர் 1989-இல் வெளியிட்டது. இப்போது புழக்கத்தில் உள்ள இரண்டாம் பதிப்பு 2012-இல் வந்தது. குழந்தையின் வயதையும் பேச்சுத் திறனையும் பொறுத்து ஐந்து வடிவங்கள். ஒவ்வொன்றும் முடிய 40 முதல் 60 நிமிடம்.

பயிற்சி பெறுபவர் குமிழி ஊதுகிறார். குழந்தை துள்ளுகிறது. திடீரென்று குப்பியை மூடிக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறார். அந்தச் சும்மா இருப்பதில்தான் சோதனையே இருக்கிறது. குழந்தை குப்பியைப் பிடுங்கப் பார்க்கலாம். அல்லது அவருடைய கையைப் பிடித்து, முகத்தைப் பார்க்காமலே, குப்பியின் மேல் கொண்டுபோய் வைக்கலாம். அல்லது குப்பியையும் அவர் கண்ணையும் மாறி மாறிப் பார்த்து, சிரித்து, ஒரு சத்தம் கொடுக்கலாம். மூன்று முறையிலும் குழந்தை கேட்பது குமிழியைத்தான். மூன்றாவதில் மட்டும், தன் ஆசையை எதிரில் இருப்பவரோடு பகிர்ந்துகொள்வதும் சேர்ந்திருக்கிறது. ஆட்டிசம் என்ற முடிவு இப்படிப்பட்ட சிறிய வேறுபாடுகள் பலவற்றின் கூட்டுத்தொகை. ஒரேயொரு நடத்தையை வைத்து யாரும் முடிவு கட்டுவதில்லை.

புதிதாக வருபவர்களுக்கு இதில் மிகவும் கஷ்டமான பகுதி எது தெரியுமா? பேசாமல் இருப்பது. குழந்தைகளைப் பிடிக்கும் என்பதால்தான் இந்தத் துறைக்கே வந்திருப்பார்கள். குழந்தை தடுமாறினால் கை தானாக உதவிக்குப் போகும், "இன்னும் வேணுமா?" என்று வாய் தானாகக் கேட்டுவிடும். கேட்டால் குழந்தை தானாகக் கேட்கும் வாய்ப்பு போய்விட்டது. கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவர் அதைக் குறித்துக்கொள்வார். நல்ல மனசு தொழில் திறமையாவதற்கு முன்னால் கொஞ்சம் அடங்க வேண்டியிருக்கிறது. இதை எந்தப் பாடப்புத்தகமும் சொல்லிக்கொடுத்து நான் பார்த்ததில்லை.

விளையாட்டு முடிந்ததும் மதிப்பெண். எதிர்பார்த்தபடி இருந்தால் பூஜ்யம். வேறுபாடு கூடக் கூட 1, 2, 3. பயிற்சி பெறுபவரும் மேற்பார்வையாளரும் தனித்தனியாகப் போட்டுவிட்டு ஒப்பிடுவார்கள். ஆய்வுக்காக ஏடாஸைப் பயன்படுத்த வேண்டுமென்றால், தேர்ந்தவர்கள் போட்ட மதிப்பெண்களோடு 80 சதவீதமாவது ஒத்துப்போக வேண்டும், ஒருமுறை இரண்டுமுறை ஒத்துப்போனால் போதாது, தொடர்ந்து ஒத்துப்போக வேண்டும். "அவன் என்னைப் பார்த்தான்" என்பார் பயிற்சி பெறுபவர். "உங்கள் மூக்குக் கண்ணாடியைப் பார்த்தான்" என்பார் மூத்தவர். வீடியோவைத் திரும்ப ஓட்டுவார்கள். அரை விநாடிக் காட்சிக்காக அரை மணி நேரம் வாதம் நடக்கும். தகுதி பெற்ற பிறகும் கதை முடிவதில்லை. கடைத் தராசுக்குக் கெடு தவறாமல் முத்திரை போடுவதுபோல, பல ஆண்டு அனுபவமுள்ளவர்களும் அவ்வப்போது ஒரே வீடியோவுக்கு மதிப்பெண் போட்டு ஒப்பிட்டுக்கொள்கிறார்கள். ஏனென்றால் கண் மெல்ல விலகும், விலகுவது விலகுபவருக்குத் தெரியாது. நாளெல்லாம் கடுமையான பாதிப்புள்ள குழந்தைகளையே பார்ப்பவருக்கு லேசான அறிகுறி இயல்பாகத் தோன்ற ஆரம்பித்துவிடும்.

கூட்டுத்தொகை ஒரு எல்லையைத் தாண்டினால் ஆட்டிசம் என்று கையேடு சொல்லும். அதை அப்படியே எழுதிக் கொடுப்பவருக்கு இந்தப் பயிற்சி தேவையே இல்லை. காது கேளாத குழந்தையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாது. மிகுந்த பதற்றமுள்ள குழந்தையும் கண்ணைப் பார்க்காது. அறிவுத்திறன் குறைபாடு ஆழமாக உள்ள ஐந்து வயதுக் குழந்தையின் விளையாட்டு ஒன்றரை வயதுக் குழந்தையின் விளையாட்டாக இருக்கலாம். அது ஆட்டிசமா, வளர்ச்சி மொத்தமாகவே பின்தங்கியிருப்பதா? 1990-களில் ருமேனியாவின் அநாதை விடுதிகளிலிருந்து இங்கிலாந்துக்குத் தத்து வந்த குழந்தைகளில் சிலரிடம் ஆட்டிசம் போலவே தோன்றும் நடத்தைகளை ரட்டரின் குழு கண்டது. பிறந்ததிலிருந்து தூக்கிக் கொஞ்ச ஆளில்லாமல் தொட்டிலில் கிடந்த குழந்தைகள் அவர்கள். அவர்களில் பலரிடம் அந்தச் சாயல் வயது ஏற ஏற மாறியது. மறுபக்கம், புத்திசாலியான பெண் குழந்தைகள் பலர் தோழிகளைப் பார்த்துப் பேச்சையும் பாவனையையும் அப்படியே நகலெடுத்து, ஒரு மணி நேர மதிப்பீட்டில் தேறிவிடுவார்கள். வீட்டுக்குப் போனதும் சோர்ந்து விழுவார்கள். அதனால்தான் பெற்றோரிடம் தனியாக உட்கார்ந்து, 93 கேள்விகள் கொண்ட நேர்காணலை இரண்டு மணி நேரம் நடத்துவதும் பயிற்சியில் சேர்ந்திருக்கிறது.

இந்தியாவில் ஏடாஸுக்கு இணையாக ஐசா என்ற அளவுகோலை செகந்திராபாத்தில் உள்ள தேசிய நிறுவனம் 2009-இல் உருவாக்கியது. 40 அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண், 70 வந்தால் ஆட்டிசம் என்று கொள்ளலாம். மாற்றுத்திறன் சான்றிதழுக்கு இதுவே அடிப்படை. விலை உயர்ந்த பெட்டி வேண்டாம் என்பது பெரிய நன்மை. ஆனால் தாளில் அச்சிட்ட அளவுகோலும் அதை நிரப்புகிறவரின் கண்ணை நம்பித்தான் இருக்கிறது. இருவர் நிரப்பினால் ஒரே எண் வருமா என்று அவர்களைப் பழக்கும் ஏற்பாட்டையும் அளவுகோலோடு சேர்த்தே கேட்க வேண்டும் என்பது என் கட்சி.

நோயறிதல் பாதி வேலைதான். மீதிப் பாதியைப் பார்க்க பால்டிமோருக்குப் போக வேண்டும். அங்கே கென்னடி கிரீகர் நிறுவனத்தில் தன்னைத் தானே அடித்துக்கொள்ளும், கடித்துக்கொள்ளும், தலையைச் சுவரில் மோதிக்கொள்ளும் குழந்தைகளை உள்நோயாளிகளாக வைத்துப் பார்க்கிறார்கள். "ஆட்டிசம் இருந்தால் அப்படித்தான்" என்று ஒரு காலத்தில் சொல்லிவிடுவார்கள். பிரையன் இவாட்டாவும் கூட்டாளிகளும் அங்கே பணியாற்றியபோது 1982-இல் வெளியிட்ட ஆய்வு அந்தப் பதிலை ஏற்க மறுத்தது. ஒன்பது பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொருவரையும் நான்கு விதச் சூழல்களில், பதினைந்து பதினைந்து நிமிடம், மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள். ஒன்றில், அடித்துக்கொண்டால் ஒருவர் ஓடிவந்து "வேண்டாம், வலிக்கும்" என்று கவலையோடு தொடுவார். இன்னொன்றில் பாடம் நடக்கும். அடித்துக்கொண்டால் பாடம் சற்று நிற்கும். மூன்றாவதில் குழந்தை தனியாக இருக்கும். நான்காவதில் பொம்மைகளோடு வெறும் விளையாட்டு, யாரும் எதையும் கேட்பதில்லை. ஒன்பது பேரில் ஆறு பேரிடம் அடித்துக்கொள்வது ஏதோ ஒரு குறிப்பிட்ட சூழலில் மட்டும் அதிகமானது. எந்தச் சூழல் என்பது ஆளுக்கு ஆள் வேறுபட்டது.

இதன் பொருள் பெரியது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரித் தெரியும் இரண்டு குழந்தைகளில் ஒருத்தி ஆள் துணைக்காக அடித்துக்கொள்கிறாள், இன்னொருத்தி பாடத்திலிருந்து தப்பிக்க அடித்துக்கொள்கிறாள். முதல் குழந்தையைத் தனியறையில் விட்டால் ஒருவேளை குறையலாம். இரண்டாமவளைத் தனியறைக்கு அனுப்புவது அவள் கேட்டதைத் தங்கத் தட்டில் வைத்துக் கொடுப்பது; நாளைக்கு இன்னும் பலமாக அடித்துக்கொள்வாள். நடத்தை என்பது பேச வராத குழந்தையின் விண்ணப்பம். அதைப் படித்துவிட்டால் மாற்று வழி கற்றுக்கொடுக்கலாம்: "ஓய்வு வேண்டும்" என்று எழுதிய ஓர் அட்டையை எடுத்து நீட்டக் கற்றுக்கொண்ட பிறகு சுவரில் மோதிக்கொள்ளும் தேவை குறைகிறது. ஆனால் இந்தப் பகுப்பாய்வுக்கு முன் பயிற்சி பெறுபவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி வேறு: காதில் சீழ் இருக்கிறதா? பல் வலியா? மலச்சிக்கலா? ஏற்கனவே ஒரு குறைபாடு எழுதப்பட்ட குழந்தைக்கு வரும் புதிய தொல்லைகளையெல்லாம் அந்தக் குறைபாட்டின் கணக்கிலேயே எழுதிவிடுவது இந்தத் துறையின் பழைய நோய்.

காதைப் பார்க்க மருத்துவர் வேண்டும், பேச்சுக்குப் பேச்சுப் பயிற்சியாளர் வேண்டும். தனியொரு உளவியலாளர் எதையும் முடிக்க முடியாது என்பதால்தான் அமெரிக்காவில் இந்தப் பயிற்சி கூட்டாக நடக்கிறது. அதற்கு ஒரு குடும்பக் கதை உண்டு. அதிபர் ஜான் கென்னடியின் தங்கை ரோஸ்மேரிக்கு அறிவுத்திறன் குறைபாடு. 1941-இல் தந்தையின் முடிவால் மூளையில் செய்யப்பட்ட லோபோடமி அறுவை அவரை முடக்கிப்போட்டது. குடும்பம் நெடுங்காலம் இதை வெளியே சொல்லவில்லை. இன்னொரு சகோதரி யூனிஸ் விடாமல் வற்புறுத்த, கென்னடி 1961-இல் நிபுணர் குழு அமைத்தார். 1963 அக்டோபர் 31-ஆம் தேதி ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். மூன்று வாரம் கழித்து அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தச் சட்டத்தின் கீழ் பல்கலைக்கழகங்களோடு இணைந்த மையங்கள் எழுந்தன. இன்று அவை எல்லா மாநிலங்களிலும் இருக்கின்றன. அவற்றோடு சேர்ந்து வளர்ந்ததுதான் 'லெண்ட்' என்ற பயிற்சித் திட்டம். உளவியல், குழந்தை மருத்துவம், பேச்சு சிகிச்சை, சமூகப் பணி என்று பல துறையினர் ஒன்றாகக் குறைந்தது 300 மணி நேரம் பயில்கிறார்கள். அந்த வகுப்பில் மாற்றுத்திறனாளிக் குழந்தையின் தாயோ தந்தையோ பயிற்சி பெறுபவராகவே உட்கார்ந்திருப்பார், ஆட்டிசம் உள்ள பெரியவர்களும் உட்கார்ந்திருப்பார்கள். பெட்டல்ஹைம் காலத்தில் குற்றவாளிக் கூண்டில் நின்றவர்கள் இப்போது மேஜையின் இந்தப் பக்கம் இருக்கிறார்கள்.

முடிவைப் பெற்றோரிடம் சொல்வதையும் அங்கே பயிற்சியாகவே கற்கிறார்கள். இளையவர்கள் முதலில் மதிப்பெண், சதவீதம், அட்டவணை என்று அரை மணி நேரம் ஓட்டிவிட்டுக் கடைசியில் மென்று விழுங்கிச் சொல்வார்கள். அந்த அரை மணி நேரமும் எதிரே இருப்பவருக்கு எதுவும் காதில் ஏறாது. முதல் சில நிமிடத்திலேயே தெளிவாகச் சொல்லிவிட்டு, வாயை மூடிக்கொண்டு, அவர்கள் பேசும்வரை காத்திருக்க வேண்டும். குமிழிக் குப்பியிடம் கற்ற பொறுமை இங்கேயும் உதவும். பின்னால் எழுதும் அறிக்கை பத்துப் பதினைந்து பக்கம் போகும். காரணம், அதைப் பெற்றோர் மட்டுமின்றிக் காப்பீட்டு நிறுவனமும் பள்ளியும் படிக்கும். பள்ளியில் சிறப்புக் கல்வி பெறும் உரிமைக்கான சட்டத்தில் 1990-இல்தான் ஆட்டிசம் தனிப் பிரிவாக இடம்பெற்றது.

தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த அறையில் ஒரு கேள்வி காத்திருக்கும். வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம், குழந்தை பேசவில்லை, "ஒரு மொழியை விட்டுவிடுங்கள்" என்று யாரோ சொல்லியிருப்பார்கள். விடப்படுவது எந்த மொழி என்று சொல்ல வேண்டியதில்லை. ஆட்டிசக் குழந்தைகளிடம் நடந்த ஆய்வுகளில் இருமொழிச் சூழல் கூடுதல் தாமதத்தை உண்டாக்கியதாகத் தெரியவில்லை. பாட்டியோடு பேசும் மொழியைப் பிடுங்கிவிட்டு, குழந்தை யாரிடமும் பேசுவதில்லை என்று குறிப்பெழுதுவது விபரீதம். நன்றாகப் பயிற்சி பெற்றவர் அறிக்கையில் ஒரு மொழியை விடச் சொல்லும் வரியை எழுதமாட்டார்.

இவ்வளவு கவனமாகப் பழக்கிய கண்ணையும் ஒருவர் கேள்வி கேட்டார். டேமியன் மில்டன் என்ற பிரிட்டிஷ் சமூகவியலாளர், தானே ஆட்டிசம் உள்ளவர், 2012-இல் எழுதினார்: ஆட்டிசம் உள்ளவருக்கு மற்றவர் மனம் புரியவில்லை என்கிறீர்கள்; மற்றவர்களுக்கு ஆட்டிசம் உள்ளவர் மனம் புரிகிறதா? புரியாமை இரண்டு பக்கமும் இருக்கும்போது குறை ஒரு பக்கத்தில் மட்டும் எழுதப்படுவது ஏன்? இதற்கு ஏடாஸில் மதிப்பெண் கட்டம் இல்லை. அதற்காக மதிப்பீடே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன்; ஆனால் கட்டத்தில் 2 போடும் முன் "இந்த உரையாடல் தடைபட்டதில் என் பங்கு எவ்வளவு?" என்று கேட்டுக்கொள்பவர் மேலானவர். லெண்ட் வகுப்பில் ஆட்டிசம் உள்ள உடன் பயில்பவர் பக்கத்தில் இருந்தால் அந்தக் கேள்வி தானாக வரும்.

எல்லாம் சரி, எண்ணிக்கைதான் இடிக்கிறது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2000-இல் கணக்கிட்டபோது எட்டு வயதுக் குழந்தைகளில் 150 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம். 2022-இன் கணக்கில் 31 பேரில் ஒருவர். இந்த உயர்வில் வரையறை விரிந்ததும் விழிப்புணர்வு கூடியதும் பெரும்பங்கு. காரணம் எதுவாக இருந்தாலும், வரிசை நீண்டுவிட்டது. ஒரு முனைவரைப் பழக்க ஒரு மூத்தவர் ஈராண்டு கண்ணாடிக்குப் பின்னால் உட்காரும் முறையால் அதை ஈடுகட்ட முடியாது. பெருந்தொற்று வந்தபோது முகக்கவசம் போட்டுக்கொண்டு ஏடாஸ் நடத்தவே முடியவில்லை, சிரிப்பு தெரியாதே. வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தார் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு வீடியோ வழி மதிப்பீட்டைக் கொண்டுவந்தார்கள். தாய் வீட்டுக் கூடத்தில் விளையாட்டுக் காட்டுவார். நிபுணர் திரையில் பார்த்து வழிநடத்துவார். மிசௌரிப் பல்கலைக்கழகத்திலிருந்து 2015-இல் தொடங்கிய 'எக்கோ ஆட்டிசம்' திட்டம், சிற்றூர்க் குழந்தை மருத்துவர்களுக்கே பயிற்சி கொடுத்து, தெளிவான நிலைகளை அங்கேயே கண்டறியச் செய்கிறது. குழப்பமானவர்கள் மட்டும் பெரிய மையத்துக்கு வருவார்கள்.

குடும்பங்களுக்கு இது நல்லது. பயிற்சிக்கு இதில் ஒரு சிக்கல் இருப்பதாக எனக்குப் படுகிறது. தெளிவானவற்றை நூற்றுக்கணக்கில் பார்த்த பிறகே தெளிவற்றதைப் பிரித்தறியும் கண் வரும். இனி பெரிய மையத்துக்கு வரும் போஸ்ட்டாக் முதல் நாளிலிருந்தே சிக்கலான குழந்தைகளைத்தான் பார்ப்பார் என்றால், அவரை வாரத்தில் ஓரிரு நாளாவது சிற்றூர் மருத்துவரின் அறைக்கு அனுப்பியாக வேண்டும். அங்கே ஒருவழிக் கண்ணாடி இருக்காது. மேற்பார்வையாளர் எங்கே உட்காருவார் என்பதற்கு இன்னும் யாராவது ஏற்பாடு செய்ய வேண்டும்.